முப்பத்தொரு ஒன்றுகள்

பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1811-இல் எண்களின் இயல்பு பற்றி எழுதிய நூலில் துணிந்து ஒரு ஆருடம் சொன்னார். தன்னைத் தவிர்த்த தன் வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் 6, 28 போன்ற எண்களுக்கு நிறைவெண்கள் என்று பெயர். அவற்றில் 2³⁰ × (2³¹ − 1) என்பதைவிடப் பெரிய ஒன்றை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றார். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் முக்கியம். இவை வெறும் ஆர்வத்துக்கு உரியவை, பயன் எதுவும் இல்லாதவை, ஆகவே இதைத் தாண்டித் தேட யாருக்கும் மனம் வராது என்பது அவர் கணிப்பு. அந்த நிறைவெண்ணுக்கு உயிர் கொடுப்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும் பகா எண்: 2147483647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

ஆருடத்தின் முதல் பாதி பொய்த்தது எல்லோருக்கும் தெரியும். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். என்னை உறுத்துவது இரண்டாம் பாதிதான். "பயனற்றவை" என்றதற்கு நாம் இன்று என்ன பதில் சொல்கிறோம்? புதிய ராட்சதப் பகா எண் ஒன்று செய்தியில் வரும்போதெல்லாம் கடைசிப் பத்தியில் ஒரே வாசகம்தான் இருக்கும்: பகா எண்கள் இணையப் பாதுகாப்புக்கும் வங்கிப் பரிமாற்றத்துக்கும் உதவுகின்றன. படிப்பவர் இந்தப் புதிய எண்ணும் எங்கோ ஒரு பூட்டுக்குள் போய் உட்காரப் போகிறது என்று நினைத்துக்கொள்வார்.

அது தப்பான பதில். இணையத்தில் செய்திகளைப் பூட்டப் பயன்படும் 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி ஒன்றுக்கு 300 சொச்சம் இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்கள் போதும். அவை யாருக்கும் தெரியாதவையாக, குருட்டாம்போக்கில் பொறுக்கியவையாக இருக்க வேண்டும். 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். இதுவரை தெரிந்தவை 52. அவற்றின் பட்டியல் ஊருக்கே தெரியும். 52 சாவிகளையும் வாசலில் மாட்டிவைத்துவிட்டுப் பூட்டுப் போடுவதில் அர்த்தமில்லை. பார்லோவுக்குப் பதில் உண்டு, ஆனால் அது ரகசியத்தில் இல்லை. அந்த எண்ணின் உருவத்தில் இருக்கிறது.

மடிப்பு

9-ஆல் வகுத்தால் என்ன மீதி வரும் என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 99 என்றால் இரண்டிரண்டு இலக்கமாக வெட்டிக் கூட்ட வேண்டும். 999 என்றால் மும்மூன்றாக. காரணம் எளிது: 1000-ஐ 999-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே ஆயிரங்களின் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக் கீழ்ப்பகுதியோடு சேர்த்துவிடலாம். வகுத்தல் என்ற வேலையே காணாமல் போய், கூட்டல் மட்டும் மிஞ்சுகிறது.

பத்தடிமானத்தில் 999 எப்படியோ, 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் (பிட்டுகளால்) மட்டும் எழுதும் இருமத்தில் 2147483647 அப்படி. அதை இருமத்தில் எழுதினால் முப்பத்தொரு ஒன்றுகள், வேறொன்றும் இல்லை. எந்தப் பெரிய எண்ணையும் 31 பிட் 31 பிட்டாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்றை மடித்துக் கூட்டினால் மீதி கிடைத்துவிடும். கணினிக்கு வகுத்தல் செலவு மிகுந்த வேலை. நகர்த்தலும் கூட்டலும் மலிவானவை. கையளவு எடுத்துக்காட்டுக்கு இதன் குட்டித் தம்பி 127-ஐ, அதாவது ஏழு ஒன்றுகளை, எடுத்துக்கொள்ளலாம். 4487-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி என்ன? 4487-இல் 128 முப்பத்தைந்து முறை இருக்கிறது, மேலே 7. 35 + 7 = 42. அதுதான் மீதி. வகுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. மடித்த பின் விடை 127 என்றே வந்து நிற்கலாம். அது பூஜ்யம்தான், ஆனால் பூஜ்யம் போலத் தெரியாது. எல்லாப் பிட்டும் 0 என்பது ஒரு பூஜ்யம், எல்லாப் பிட்டும் 1 என்பது இன்னொரு பூஜ்யம். நிரல் எழுதுபவர்கள் இந்த இரண்டாவது பூஜ்யத்தைக் கவனிக்காமல் விட்டுப் பகா எண்ணைப் பகு எண் என்று சொல்லிவிடுவது இந்தக் கணக்கில் எளிதில் நேரும் தவறு.

ஆய்லர் வகுத்ததும் வகுக்காமல் விட்டதும்

2147483647 பகா எண் என்று முதலில் நிறுவியவர் ஆய்லர். 1772-இல், கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்த காலத்தில், பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அதைத் தெரிவித்தார். அதற்கு முன்பே 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் கத்தால்டி 17, 19, 23, 29, 31, 37 ஆகிய ஆறு அடுக்குகளும் பகா எண் தரும் என்று சொல்லியிருந்தார். அவற்றில் 23, 29, 37 மூன்றும் பொய்த்தன. 2²³ − 1 என்பது 47 × 178481. 2²⁹ − 1 என்பது 233 × 1103 × 2089. ஆகவே 31 பற்றிய அவருடைய கூற்று சரியாக அமைந்தாலும் அதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

வெறும் வகுத்தலால் பார்ப்பதென்றால் இதன் வர்க்கமூலமான 46340 வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுக்க வேண்டும். அவை 4792. கையால் முடியாத வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஒரு வகுத்தலில் தவறினாலும் மொத்தமும் வீண். ஆய்லரின் அழகு, வகுக்கத் தேவையில்லாதவற்றைத் தள்ளிய விதத்தில் இருக்கிறது.

2³¹ − 1-ஐ ஒரு பகா எண் மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதனிடத்தில் 2³¹-இன் மீதி 1. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்கிலும் 2-இன் மீதி 1. மீதி 1 வரும் மிகச் சிறிய அடுக்கு இவை இரண்டையும் வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் அந்த அடுக்கு 31-ஆகத்தான் இருக்க முடியும். ஆகவே நம் வகுஎண் 31-இன் மடங்கைவிட ஒன்று கூடுதல். ஒற்றைப்படையும் கூட என்பதால் 62-இன் மடங்கைவிட ஒன்று கூடுதல். அடுத்த வடிகட்டி இன்னும் நுட்பமானது. 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. 2³² என்பது 65536-இன் வர்க்கம். அதாவது 2 என்ற மீதி ஒரு வர்க்கத்திலிருந்து வருகிறது. 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தரும் பகா எண்களிடம் மட்டுமே இது நடக்கும். இரண்டு வடிகட்டியையும் சேர்த்தால், வகுஎண்ணை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வர வேண்டும். 65536 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

46340-க்குள் இந்த இரண்டு வரிசைகளிலும், 63-ஐ விட்டுவிட்டால், 372 எண்கள் இருக்கின்றன. அவற்றில் பகா எண்கள் 80 சொச்சம்தான். 249 என்பது 3 × 83, போகட்டும். 311 பகா எண். அதுதான் முதல் வகுத்தல், மீதி 35. 497 என்பது 7 × 71. 559 என்பது 13 × 43. அடுத்து நிற்பவை 1303, பிறகு 1489. இப்படியே 46340 வரை போய் எதுவும் வகுக்கவில்லை என்றால் முடிந்தது. 4792 வகுத்தல்கள் 80 சொச்சமாகச் சுருங்கியதற்குக் காரணம் எண்ணின் அளவு அல்ல. அந்த அடுக்கு வடிவம். எந்த உருவமும் இல்லாத ஒரு பத்து இலக்க எண்ணுக்கு இந்தச் சலுகை கிடையாது.

வர்க்கப்படுத்து, இரண்டைக் கழி

ஆய்லரின் வழி 31-க்குப் போதும், 127-ஆவது அடுக்குக்குப் போதாது. 1876-இல் பிரான்சின் எதுவார் லூக்கா 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1-ஐப் பகா எண் என்று நிறுவியபோது எந்த வகுஎண்ணையும் தேடவில்லை. 1930-இல் அமெரிக்காவின் டி. எச். லேமர் அந்த முறையைச் செதுக்கித் தந்த வடிவம் நான்கு வாக்கியத்தில் அடங்கும். 4-இல் தொடங்கு. வர்க்கப்படுத்தி 2-ஐக் கழி. மீதியை எடு. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்த பின் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

127-க்கு அடுக்கு 7, ஆகவே ஐந்து தடவை. 4-இலிருந்து 14. 14-இலிருந்து 194, மடித்தால் 67. 67-இன் வர்க்கத்தில் 2 போனால் 4487. மேலே மடித்துப் பார்த்தோமே, 42. 42-இலிருந்து 1762, அதில் 128 பதின்மூன்று முறை, மேலே 98, ஆக 111. 111-இலிருந்து 12319, அதில் 128 தொண்ணூற்றாறு முறை, மேலே 31, கூட்டினால் 127. அதுதான் அந்த இரண்டாவது பூஜ்யம். 127 பகா எண்.

ஒப்பிட 2¹¹ − 1 = 2047-ஐ எடுத்தால் வரிசை இப்படிப் போகிறது: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. ஒன்பதாவது படியில் பூஜ்யம் வரவில்லை, ஆகவே பகு எண். அதன் காரணிகள் 23, 89 என்று இந்தச் சோதனை சொல்லாது. "பகு எண்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். இடையில் ஒரு பிட் தவறினாலும் கடைசியில் பூஜ்யம் வராமல் போய், ஒரு நல்ல பகா எண் குப்பைக்குப் போய்விடும் என்பதுதான் இதன் ஆபத்து. பெரிய தேடல்களில் ஒரே எண்ணை வேறு வேறு இயந்திரங்களில், வேறு வேறு நிரல்களால் மறுபடி ஓட்டுவது இதற்காகத்தான். 2024-இல் கிடைத்த எண்ணை முதலில் காட்டிக்கொடுத்தது ஃபெர்மா வகைச் சோதனை ஒன்று. லூக்கா–லேமர் அதை உறுதிசெய்தது.

நம் 2147483647-க்கு 29 படிகள். 4, 14, 194, 37634, 1416317954 என்று ஐந்து உறுப்புகள் வரை மடிக்கவே வேண்டாம். அதன் பிறகு எண்கள் கண்டபடி துள்ளும். ஆனால் 28-ஆவது படியில் வந்து நிற்கும் எண்ணைப் பாருங்கள்: 65536. அதன் வர்க்கம் 2³², மடித்தால் 2, இரண்டைக் கழித்தால் பூஜ்யம். ஆய்லர் வடிகட்டப் பயன்படுத்திய அதே வர்க்கம், நூறாண்டுக்கும் மேல் கழித்து வேறு ஒருவரின் சோதனையில் கடைசிக்கு முந்திய படியில் வந்து நிற்கிறது. இது தற்செயல் அல்ல. கடைசியில் பூஜ்யம் வர வேண்டுமானால் அதற்கு முந்திய எண்ணின் வர்க்கம் 2-ஆக மடிய வேண்டும். பகா எண்ணிடத்தில் அப்படிப்பட்டவை 65536-உம் அதன் எதிர்க்குறியும் மட்டுமே.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 31-உம் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான், 2⁵ − 1. ஆக 5 என்ற பகா எண் 31-ஐத் தந்தது, 31 என்பது 2147483647-ஐத் தந்தது. அடுத்த படி, 2-ஐ 2147483647 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது, 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண். அது பகா எண் இல்லை; 295257526626031 அதை வகுக்கிறது. இந்த வகுஎண்ணும் ஆய்லரின் விதிக்குக் கட்டுப்பட்டே நிற்கிறது: 2147483647-இன் இரட்டிப்பை 68745-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள், அதுவே வரும். சங்கிலி அங்கே அறுகிறது.

ஒன்று குறைந்தால் என்ன ஆகும்

நிரலாளர்கள் இந்த எண்ணை வேறு விதமாக அறிவார்கள். 32 பிட்டில் ஒன்றைக் குறிக்கு ஒதுக்கினால் மிஞ்சும் 31 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய முழு எண் இது. இதனோடு ஒன்றைக் கூட்டினால் பல கணினிகளில் −2147483648 என்று கவிழும். நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கணினிக் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8:44:07-க்குத் தொடப்போகும் எல்லையும் இதுவே. ஆனால் கணினி செய்தவர்கள் பகா எண் வேண்டும் என்று இந்த அளவைத் தேர்ந்தெடுக்கவில்லை. 16 பிட்டில் கிடைக்கும் 32767 என்பது 7 × 31 × 151. 64 பிட்டில் கிடைக்கும் 2⁶³ − 1-ஐ 7 வகுக்கும். 32-இல் பகா எண் வந்து அமைந்தது அதிர்ஷ்டம்தான். அந்த அதிர்ஷ்டத்தை யார் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதுதான் பார்லோவுக்கான பதில்.

சீரற்ற எண்கள் போலத் தோன்றும் எண்களை உண்டாக்க எளிய வழி ஒன்றை 1949-இல் முன்வைத்தவரும் அதே லேமர்தான். கையில் உள்ள எண்ணை ஒரு நிலையான பெருக்கியால் பெருக்கு, ஒரு பெரிய எண்ணால் வகுத்து மீதியை எடு, அதுவே அடுத்த எண். அவர் எனியாக் கணினிக்குச் சொன்ன வகுஎண் 10⁸ + 1, பெருக்கி 23. பத்தடிமான இயந்திரம் அது; மேலே வழியும் இரண்டு இலக்கத்தைக் கீழிருந்து கழித்தால் மீதி தயார். இங்கும் மடிப்புதான், கூட்டலுக்குப் பதில் கழித்தல்.

அதன் பிறகு இதே வழியில் வந்த இரண்டு நிரல்களை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் இந்தக் கட்டுரையின் கருத்து எனக்கு உறுதிப்பட்டது. ஒன்று, 1960-களில் ஐபிஎம் இயந்திரங்களில் பரவலாக ஓடிய ராண்டு. அதன் வகுஎண் 2³¹, பெருக்கி 65539. இன்னொன்று, 1969-இல் அதே ஐபிஎம் சிஸ்டம் 360-க்காக லூயிஸ், குட்மேன், மில்லர் மூவரும் தந்தது. அதன் வகுஎண் 2³¹ − 1, பெருக்கி 16807. வகுஎண்களுக்கு இடையே உள்ள வேறுபாடு வெறும் ஒன்று.

2³¹-ஆல் வகுப்பது இன்னும் மலிவு. மேல் பிட்டுகளைத் தூக்கி எறிந்தால் போதும், மடிக்கக்கூட வேண்டாம். ஆனால் எறிந்தது போனதுதான். ஒற்றைப்படை எண்ணில் தொடங்கினால் கடைசி வரை ஒற்றைப்படையே வரும். கடைசி மூன்று பிட்டுகள் 1, 3, 1, 3 என்று, அல்லது 5, 7, 5, 7 என்று ஆடிக்கொண்டே இருக்கும். சுழற்சியின் நீளமும் 2²⁹-ஐத் தாண்டாது. பெருக்கியோ இன்னும் மோசம். 65539 என்பது 2¹⁶ + 3. அதன் வர்க்கம் 2³² + 6 × 2¹⁶ + 9. 2³¹-ஆல் வகுக்கும்போது 2³² மறைந்துவிடும், மிஞ்சுவது 6 × 65539 − 9. அதாவது எந்த எண்ணும் முந்தையதின் ஆறு மடங்கிலிருந்து அதற்கும் முந்தையதின் ஒன்பது மடங்கைக் கழித்தால் கிடைப்பது. மூன்று மூன்றாக எடுத்து ஒரு கனசதுரத்தில் புள்ளி வைத்தால் எல்லாப் புள்ளிகளும் பதினைந்தே தளங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். அதை நம்பிச் செய்த உருவகக் கணக்குகளின் (நிஜ நிகழ்வுகளைக் கணினியில் போலச் செய்து பார்ப்பவற்றின்) கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. குற்றம் முழுவதையும் வகுஎண் மேல் போட முடியாது, பெருக்கியும் கெட்டது. ஆனால் நல்ல பெருக்கியை வைத்தாலும் கடைசிப் பிட்டுகளின் ஆட்டம் நிற்காது.

ஒன்று குறைந்த பக்கத்தில் எதுவும் எறியப்படுவதில்லை. மேல் பிட்டுகள் கீழே வந்து கலக்கின்றன. வகுஎண் பகா எண் என்பதால் 1 முதல் 2147483646 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரு முறை, ஒரே ஒரு முறை, வந்துபோகும்படி பெருக்கியைத் தேர்ந்தெடுக்க முடியும். 2147483646-இன் பகாக் காரணிகள் 2, 3, 7, 11, 31, 151, 331. 3 மட்டும் இரண்டு முறை. முழுச் சுற்றும் சுற்றும் பெருக்கிகளில் மிகச் சிறியது 7. காரணிப் பட்டியலில் 5 இல்லை, ஆகவே 7-ஐ ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினாலும் முழுச் சுற்று குலையாது. 7⁵ = 16807. அந்த எண் வந்த வழி அதுதான்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். விதை, அதாவது தொடங்கும் எண், 1 என்றால் முதல் எண் 16807, அடுத்தது 282475249. அதை மறுபடி 16807-ஆல் பெருக்கினால் 4747561509943. 31 பிட்டுக்கு மேலே இருப்பது 2210, கீழே இருப்பது 1622647863; கூட்டினால் 1622650073. அதுதான் மூன்றாவது எண். பெருக்குத்தொகை 46 பிட் வரை போகும் என்பதால் பெருக்கும் முன்பே 64 பிட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 32 பிட்டில் பெருக்கிவிட்டு விடையை மாற்றினால் சேதம் ஏற்கெனவே நடந்திருக்கும். மடித்த தொகை 2147483647-ஐக் கொஞ்சம் தாண்டலாம், தாண்டினால் ஒரு முறை கழிக்க வேண்டும். 64 பிட் இல்லாத காலத்தில் ஷ்ராகே என்பவர் 2147483647 = 16807 × 127773 + 2836 என்று பிரித்து 32 பிட்டுக்குள்ளேயே கணக்கை முடித்தார். விதையாக 0 கொடுத்தால் வாழ்நாள் முழுக்க 0-தான் வரும். எல்லாம் சரியா என்று பார்க்க, விதை 1-இலிருந்து பத்தாயிரமாவது எண் 1043618065-ஆக இருக்க வேண்டும். 1988-இல் பார்க், மில்லர் (இவர் வேறொரு மில்லர்) இருவரும் இந்தச் சோதனையைச் சேர்த்தே இதை எல்லோருக்குமான குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள்.

இன்றைய கணினி இந்த 214 கோடிச் சுற்றைச் சில நொடிகளில் முடித்துவிடும். ஆகவே பெரிய உருவகக் கணக்குக்கு இது போதாது. ரகசியத்துக்கோ அறவே ஆகாது. ஒரே ஒரு எண் கையில் கிடைத்தால் அடுத்து வரும் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம்.

பாதிக்கு ஒரு முழு எண்

மடிப்பும் பகாத்தன்மையும் ஒன்றாகக் கைகொடுக்கும் இன்னொரு இடம் பலருடைய மேசையில் தினமும் ஓடுகிறது. பைதான் என்ற நிரல் மொழி எண்களுக்கு ஹாஷ் மதிப்பு, அதாவது ஒரு மதிப்பை விரைவாகத் தேடி எடுக்க உதவும் சுருக்க எண், தரும்போது, 32 பிட் கணினியில் 2³¹ − 1-ஆலும் 64 பிட் கணினியில் 2⁶¹ − 1-ஆலும் வகுத்து மீதியை எடுக்கிறது. இரண்டாவதை 1883-இல் பகா எண் என்று நிறுவியவர் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார்.

பகா எண் எதற்கு? 0.5 என்ற தசமமும் 1/2 என்ற பின்னமும் சமம். ஆகவே இரண்டுக்கும் ஒரே ஹாஷ் வர வேண்டும். 3 என்ற முழு எண்ணும் 6/2 என்ற பின்னமும் அப்படியே. இதற்குப் பின்னங்களிடத்திலும் "மீதி" என்ற ஒன்று வேண்டும், அதாவது வகுப்பதற்குப் பதில் பெருக்க ஒரு தலைகீழ் எண் வேண்டும். அது ஏறக்குறைய எல்லாப் பகுதிகளுக்கும், அதாவது பின்னத்தின் கீழே இருக்கும் எண்களுக்கும், கிடைப்பது வகுஎண் பகா எண்ணாக இருந்தால்தான். 2⁶¹-இன் மீதி 1 என்பதால் 2-இன் தலைகீழ் 2⁶⁰. பைதானில் 0.5-இன் ஹாஷைக் கேளுங்கள்: 1152921504606846976 என்று வரும். அது 2⁶⁰தான். 2-ஆல் பெருக்கி மடித்தால் 1.

தலைகீழ் இல்லாத பகுதி ஒரே வகைதான், அந்தப் பகா எண்ணும் அதன் மடங்குகளும். 1-ஐ 2⁶¹ − 1-ஆல் வகுத்த பின்னத்தின் ஹாஷைக் கேட்டால் முடிவிலிக்கென்று ஒதுக்கிவைத்த மதிப்பு வரும்: 314159.